பொறுப்பேற்பு ஆய்வகம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

முதல்வர். மின்சக்திப் பொறியியல் கல்லூரியின் பெரிய நாற்காலியில் இருப்பவர். படித்தது கட்டடப் பொறியியல். மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது தன் அறையின் ஏசி சுவிட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்பது மட்டுமே. அதைப் போடவும் ஆள் உண்டு.

துறைத்தலைவி. கோளாறு வந்ததும் லைனைத் துண்டிக்கும் மின்காப்பு முறை பற்றிப் பாடநூல் எழுதியவர். அந்த நூலின் இரண்டு பிரதிகள் அன்றும் கூட்டத்தில் இருந்தன, புரொஜெக்டருக்கு முட்டுக்கொடுத்தபடி.

மனிதவள மேலாளர். மின் விநியோக நிறுவனத்திலிருந்து வந்தவர். தொழில்துறை என்றால் அந்த அறையைப் பொறுத்தவரை அவர்தான்.

ஆலோசகர். பாடத்திட்டச் சீரமைப்பில் நிபுணர். இதற்கு முன் ஒரு செவிலியர் கல்லூரியையும் ஒரு சமையல் கல்லூரியையும் சீரமைத்தவர். எல்லா இடத்திலும் ஒரே படங்களைத்தான் காட்டுகிறார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வதுண்டு. அது தவறு. வண்ணங்களை மாற்றுவார்.

மாணவர் பிரதிநிதி. ஒருவன். கூட்டத்தில் மாணவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி சொன்னதால், பக்கத்து ஆய்வகத்தில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவனைப் பியூன் அப்படியே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

வராதவர்: மின் இயந்திரங்கள் பாடம் நடத்தும் பேராசிரியர். அவருக்கு அழைப்பு அனுப்பப்படவில்லை. ஆகவே வராததற்கு அவர் காரணம் எதுவும் தெரிவிக்கவில்லை.

முதல்வர் தொண்டையைச் செருமினார்.

"நம்ம பசங்களுக்கு ஏன் வேலை கிடைக்கல? நாம நமக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக்கொடுக்கிறோம். அதான் தப்பு. தொழில்துறைக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லிக்கொடுக்கணும். நாம தையல்காரங்க மாதிரி. அளவு கொடுக்க வேண்டியது அவங்க. துணி..." என்று சுற்றிலும் பார்த்து, மாணவனிடம் வந்து நின்றார். "துணி இதோ உட்கார்ந்திருக்கு."

துணி தன் கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டது.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் மேலாளர். "எங்களுக்கு நல்ல மனப்பான்மை வேணும். குழுவா வேலை செய்யத் தெரியணும். சிரிச்ச முகம் இருந்தா நல்லது."

ஆலோசகர் கையை உயர்த்தினார். "அதெல்லாம் எல்லாரும் சொல்றது. சமையல் கல்லூரியிலயும் இதையேதான் சொன்னாங்க. நான் அப்படிப் போறதில்லை. வேலையிலிருந்து ஆரம்பிச்சு பாடத்துக்கு வருவேன். சொல்லுங்க, உங்க இன்ஜினியர் காலையில வந்ததும் என்ன செய்றார்?"

"உட்கார்றார்."

"அப்புறம்?"

"உட்கார்ந்திருக்கார்."

ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் மேலாளர். "இப்போ எல்லாம் தானா நடக்குது. லைனுக்குச் சப்ளை கொடுக்கிறது, நிறுத்துறது எல்லாம் தலைமையகத்துல ஒரு கம்ப்யூட்டர். பழுது பார்க்கிறது ஒப்பந்தக்காரர். அவருக்குக் கீழே இன்னொரு ஒப்பந்தக்காரர். அதுக்கும் கீழே யாருன்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லியிருக்கார்."

"அப்போ இன்ஜினியர் எதுக்கு?"

வைத்தியரிடம் உண்மையான வலி எங்கே என்று சொல்லக் கூசும் நோயாளியைப்போல மேலாளர் நெளிந்தார்.

"வெளியாள் யாரும் இல்லையே?"

எல்லோரும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். யாருடைய பார்வையும் மாணவன்மேல் தங்கவில்லை.

"விபத்துன்னு ஒண்ணு நடந்தா விசாரணைன்னு ஒண்ணு வருது. வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, 'பொறுப்பு யாரு?' அந்த எடத்துல நிறுத்த எங்களுக்கு ஆள் இல்லை சார். கம்ப்யூட்டரையா காட்ட முடியும்? போன தடவை ஒரு இன்ஜினியரை நிறுத்தினோம். உங்க காலேஜ்ல படிச்சவர்தான். வாயைத் திறந்தார். கரண்ட்டை வெட்டுற பிரேக்கரை வருஷக்கணக்கா சர்வீஸ் பண்ணலன்னார். ரிலேவோட பேட்டரி எப்பவோ செத்துப்போச்சுன்னார். படம் போட்டுக் காட்டினார் சார், படம்! எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டா, காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்கன்னார்."

துறைத்தலைவியின் முகத்தில் ஒரு கணம் பெருமை எட்டிப் பார்த்தது. முதல்வர் பார்த்த பார்வையில் வந்த வழியே உள்ளே போய்விட்டது.

"கல்லூரி சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார் முதல்வர்.

"எங்களுக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்லை. எழுந்து நின்னு, திக்காம, தெளிவா, 'என் தப்புதான்'னு சொல்ற ஆள். வருஷத்துக்கு நாலஞ்சு பேர் இருந்தா ஓட்டிடுவோம். நாடு பூரா தேடிட்டோம். கிடைக்கல."

ஆலோசகர் எழுந்து பலகையில் 'பொறுப்பேற்கும் திறன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார். படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவே இத்தனை காலமாக வாய் பிளந்து கிடந்த பள்ளம் எது என்று கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். கைதட்டினார்கள். முதல்வருக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"எனக்கும் கொஞ்சம் மின்சாரம் தெரியும்" என்று அவர் எழுந்தார். "ஒரு வீட்டு மின் இணைப்புல ரொம்ப விலை குறைஞ்ச பொருள் எது? ஃபியூஸ். அது என்ன வேலை செய்யுது? ஒண்ணும் செய்யறதில்லை. சும்மா இருக்கு. ஆபத்து வந்தா முதல்ல தான் எரிஞ்சுபோய் விலை உயர்ந்ததை எல்லாம் காப்பாத்துது. அப்புறம் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம். நம்ம பட்டதாரி ஒவ்வொருத்தனும் ஒரு ஃபியூஸா இருக்கணும்னு நான் கனவு காண்றேன்!"

வாசலில் நின்ற பியூனும் கைதட்டினார்.

"மின்காப்புப் பாடத்தை என்ன செய்யறது?" என்று துறைத்தலைவி மெல்லக் கேட்டார்.

"மேடம், அது கொஞ்சம் ஆபத்தான பாடம்" என்றார் மேலாளர் பரிவோடு. "படிச்சவங்களுக்குக் காரணம் தேடுற பழக்கம் வந்துடுது. அப்புறம் போகவே மாட்டேங்குது."

அப்போது மாணவன் கேட்டான்: "சார், அந்த பிரேக்கரை ஏன் சர்வீஸ் பண்ணல?"

மேசை பேசியதுபோல எல்லோரும் திரும்பினார்கள். ஆலோசகர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். "பார்த்தீங்களா? பார்த்தீங்களா? இதான் நோய். இவனையே முதல் மாதிரியா எடுத்துக்குவோம். இந்தக் கேள்வியைக் கேட்கிற பையனை ஒரே வருஷத்துல கேட்காத பையனா மாத்திட்டா, பாடத்திட்டம் வெற்றி."

இப்படியாகப் பிரதிநிதி அந்த ஊரின் மின் கல்வி வரலாற்றில் இடம்பெற்றான்.

அவன் அக்கா வீட்டில் இருந்தான். பெற்றவர்கள் போனபின் அக்காதான் சோறு போட்டாள். அவள் கணவருக்கு ஹார்டுவேர் கடை. கடையில் விற்காத பெயிண்ட் டப்பாக்கள் வீட்டுக் கூடத்தில் அடுக்கியிருக்கும். அந்த அடுக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையில் ஒரு பாய் அகலத்துக்கு இருந்த இடம் பிரதிநிதியுடையது.

"என்ன மாப்ளே, கையெல்லாம் கிரீஸ்? காலேஜுக்குப் போனியா, மெக்கானிக் ஷெட்டுக்குப் போனியா?" என்றார் மாமா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

"கூட்டத்துக்குப் போனேன் மாமா. பாடமெல்லாம் மாறப்போகுது."

"மாறட்டும். வேலை கிடைக்குமா?"

"கிடைக்குமாம்."

"இதையேதான் போன வருஷமும் சொன்னே. இங்க பாரு, உங்கக்கா முகத்துக்காக இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கறேன். படிப்பு முடிஞ்சு வரும்போது கையில வேலையோட வா. இல்லையா, மறுநாள் கடைக்கு வந்து ஆணி எடை போடு. அதுக்கும் அறிவு வேணும். உனக்கு இருக்கான்னு பார்த்துதான் சேர்த்துக்குவேன்."

"சாப்பிடுற நேரத்துலயா அவனை..." என்றாள் அக்கா.

"நான் என்ன அடிச்சேனா? எடை போடுன்னுதானே சொன்னேன். எடை போடுறது கெட்ட வார்த்தையா?"

பிரதிநிதிக்கு ஆணி பிடிக்காது. ரிலே பிடிக்கும். ஊரெல்லாம் ஓடும் மின்சாரத்தில் எங்கோ ஒரு மரக்கிளை கம்பியில் சாய்ந்தால், கண் இமைப்பதற்குள் அதைக் கண்டுகொண்டு அந்தக் கம்பியை மட்டும் வெட்டிவிடும் அந்தச் சின்னப் பெட்டியை முதன்முதலில் பார்த்த அன்று, படித்தால் இதைத்தான் படிப்பது என்று முடிவு செய்திருந்தான். அதையே வேலையாகச் செய்ய ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். அவன் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

கடைசி ஆண்டு தொடங்கியபோது இயந்திர ஆய்வகத்தில் இயந்திரம் இல்லை. மோட்டார்களைத் தோட்டத்தில் வைத்து இளஞ்சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். பார்க்க வரும் பெற்றோர் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வக வாசலில் 'பொறுப்பேற்பு ஆய்வகம்' என்று பலகை. உள்ளே ஒரு மேடை, மேடைமேல் மூன்று சுழல் நாற்காலிகள், எதிரே கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி.

செய்முறைக் கையேடு பழைய மரபுப்படியே இருந்தது. நோக்கம்: கேட்கப்படுமுன் தவறை ஒப்புக்கொள்ளுதல். தேவையான பொருட்கள்: நாற்காலி, கைக்குட்டை. செய்முறை: பார்வையைத் தரைக்குக் கொண்டுவருக, ஆனால் காலணியைப் பார்க்க வேண்டாம், அது அலட்சியமாகத் தோன்றும். மூச்சை ஒருமுறை இழுத்து விடுக. முடிவு: மன்னிப்பு கிடைக்காது என்று கண்டறியப்பட்டது.

மதிப்பெண் முறை கறாரானது. 'ஆனால்' என்றால் ஒரு மதிப்பெண் குறையும். 'ஏனென்றால்' என்றால் ஐந்து. எந்த இயந்திரத்தின் பெயரையாவது சொன்னால் அந்தத் தாளே ரத்து.

நெட்டையன் என்று ஒரு மாணவன் இருந்தான். அவன் முதல் வகுப்பிலேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தீயையும், ஒரு பாய்லர் வெடிப்பையும் ஒப்புக்கொண்டான். உற்சாகம் தாங்காமல் அதற்கு முந்தைய வருடத்துப் புயலையும் ஏற்றுக்கொண்டான். வருகைப் பேராசிரியராக வந்திருந்த மனிதவள மேலாளர் அவனைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்தார்.

"ஆர்வம் இருக்கு. அளவு இல்லை. கேக்குறவங்க நம்பணும்ல?"

பிரதிநிதிதான் தேறவில்லை.

"டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ரெண்டு பேர் செத்துட்டாங்க" என்பார் மேலாளர். "யார் பொறுப்பு?"

"எண்ணெயில ஈரம் ஏறியிருக்கும் சார். கடைசியா எப்போ சோதிச்சாங்க?"

பூஜ்யம்.

"கம்பி அறுந்து பள்ளிக்கூட வாசல்ல விழுந்துடுச்சு. யார் பொறுப்பு?"

"நான்தான் சார். ஆனா விழுந்ததும் ரிலே அதை நிறுத்தியிருக்கணுமே..."

பூஜ்யம். அடிக்கோடிட்ட பூஜ்யம்.

துறைத்தலைவி அவனைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். பல மாதங்கள் மாலை தவறாமல். அவருக்கு அவன்மேல் பிரியம் இருந்தது. பிரியம் இருந்ததால்தான் அவனை இன்னும் கவனமாகக் கெடுத்தார்.

"கண்ணா, நீ யோசிக்கிறே. அதான் உன் பிரச்சினை. எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்கா? ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நானும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எவ்வளவு அடக்கினாலும் காரணம் வந்துடுது மேடம்."

"ரிலே எப்படி வேலை செய்யுது? கோளாறுன்னு தெரிஞ்சதும் உட்கார்ந்து யோசிக்குதா? யார் தப்பு, எதனாலன்னு கேட்குதா? கரண்ட் அளவு தாண்டினதும் பட்டுனு விழுதுல்ல? அந்த மாதிரி. கேள்வி வந்ததும் பதில் விழணும். நடுவுல நீ இருக்கக் கூடாது."

அவனுக்கு அது புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிகிற பாஷையில் முதன்முறையாக ஒருவர் பேசியிருந்தார்.

வீட்டில் பழகிப் பார்த்தான். பால் பொங்கியது. "என் தப்புதான்க்கா" என்றான், கூடத்தில் படுத்தபடியே. கடையில் பூட்டுகள் துருப்பிடித்து வந்தன. "நான் கவனிச்சிருக்கணும் மாமா" என்றான். மாமா கடையின் நஷ்டத்தையெல்லாம் ஒன்றொன்றாகச் சொல்ல, அவன் ஒன்றொன்றாக ஏற்றுக்கொண்டான். வீட்டில் என்றுமில்லாத அமைதி வந்தது. கணவன் மனைவிக்குள் சண்டையே இல்லை. இருவருக்கும் நடுவில் தயாராக ஒருவன் பாயில் கிடந்தான்.

விஷயம் தெருவுக்குப் பரவியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பைக்கைத் தானே சுவரில் இடித்துவிட்டு, மனைவியைக் கூட்டிவந்து நிறுத்தினார். "தம்பி, கொஞ்சம் சொல்லிடுப்பா." பிரதிநிதி எழுந்து நின்று பார்வையைத் தாழ்த்தினான். "வண்டி இடிச்சது என்னாலதாங்க." அந்தம்மா நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போனார். எதிர்வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது. அதற்கும் வந்து அழைத்துப்போனார்கள். போய்வந்தான்.

"எங்க மாப்ளே மாதிரி வருமா?" என்று மாமா கடையில் வருபவர்களிடமெல்லாம் சொன்னார். "எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசமாட்டான். படிப்பு அப்படி."

ஆண்டிறுதித் தேர்வில் அவன் முதலாவதாக வந்தான்.

வேலைக்கான நேர்காணல் முதல்வரின் அறையில் நடந்தது. மேலாளர் கேட்டது ஒரே கேள்விதான்.

"போன மாசம் ஒரு சாயங்காலம் சப்ஸ்டேஷன்ல லைன்மேன் ஒருத்தர் கம்பத்துமேல வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். லைன்ல தானா சப்ளை வந்துடுச்சு. செத்துட்டார். யார் பொறுப்பு?"

"நான்தான் சார்."

மேலாளர் முன்னால் சாய்ந்தார். "அன்னைக்கு நீங்க அந்தப் பக்கமே வரலியே?"

"எங்க இருந்தாலும் என் கவனக்குறைவுதான் சார்."

அவன் இதைத் தேர்வுக் கேள்வி என்றே நினைத்தான். அப்படி நினைக்கத்தான் ஓராண்டு பயிற்சி.

"இது... இதுக்காகத்தான் நான் இவ்வளவு நாள்..." மேலாளர் முதல்வரின் கையைப் பிடித்துக்கொண்டார். வேலை அங்கேயே கிடைத்தது. பதவி, பொறுப்பு அதிகாரி. பணியில் சேர்ந்த தேதி மட்டும் போன மாதத் தொடக்கம் என்று இருக்கும், அதனால் போன மாதச் சம்பளமும் சேர்ந்து வரும் என்றார்கள். வேலைக்குச் சேருவதற்கு முன்பே சம்பளம் கொடுக்கும் பெருந்தன்மையை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

அக்கா அழுதாள். மாமா பெயிண்ட் டப்பாக்களை அன்றைக்கே கடைக்கு ஏற்றிவிட்டு, கூடத்தை அவனுக்கே ஒழித்துக் கொடுத்தார்.

வேலைக்குப் போன முதல் நாள் நிறுவனத்தின் கார் வந்து அழைத்துப்போனது. ஊருக்கு வெளியே, கம்பிவேலிக்குள் சப்ஸ்டேஷன். கண்ட்ரோல் ரூமில் அவனுக்கென்று ஒரு நாற்காலி, மேசை, கதவில் 'பொறுப்பு அதிகாரி' என்ற பலகை. பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. சுவரில் ரிலேக்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் போய், தொடாமல், வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

அப்புறம் பழக்கதோஷத்தில் சுற்றிப் பார்த்தான். சுவரில் கொக்கிகள் இருந்தன. கொக்கிகளில் எதுவும் இல்லை. எர்த் ராடுகள் தொங்க வேண்டிய இடம் அது. ஒரு லைனில் ஆள் ஏறுமுன் அந்தக் கம்பியை அந்த ராடால் மண்ணோடு பிணைத்துவிடுவார்கள். தவறி எங்கிருந்தாவது மின்சாரம் வந்தாலும் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குப் போய்விடும்.

"இங்க இருந்த ராடெல்லாம் எங்க?" என்று காவலாளியைக் கேட்டான்.

"மூணு ஸ்டேஷனுக்கும் ஒரே செட்டுதான் சார். அன்னைக்கு வேற எடத்துல இருந்துச்சு."

"என்னைக்கு?"

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார் இப்படிக் கேட்குறீங்க? உங்க டூட்டியில செத்தவரு. நாளைக்கு விசாரணைங்கறாங்க, உங்களுக்குத் தெரியாதா?"

நாற்காலியில் உட்கார்ந்தான். அது சுழலும் நாற்காலி. பாதி சுற்று சுற்றி, ரிலேக்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றது.

விசாரணை ஒரு அரசாங்க அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. புதிய பாடத்திட்டத்தின் இறுதி மதிப்பீடு என்பதால் முதல்வரும் துறைத்தலைவியும் ஆலோசகரும் வந்திருந்தார்கள். அக்காவும் மாமாவும்கூட வந்திருந்தார்கள். மாமா இஸ்திரி போட்ட சட்டையில், பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம பையன்தான். இன்னைக்குப் பேசப்போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். லைன்மேனின் மனைவி. அவனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"நீங்கதான் அந்த அதிகாரியா?"

"ஆமாங்க."

"இவ்வளவு சின்னப் பையனா இருக்கியேப்பா." அவள் குரல் தணிந்தே இருந்தது. "அன்னைக்கு நீ அங்க இருந்தியா? அவர் கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அது கையேட்டில் இல்லாத கேள்வி. அவன் திகைத்தான். திகைத்ததும் பயிற்சி வந்து கைகொடுத்தது. பார்வை தாழ்ந்தது. மூச்சு ஒருமுறை வந்துபோனது.

"என் தப்புதாங்க" என்றான்.

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். ஓய்ந்து போகும்வரை அடித்தாள். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. தடுக்கப் போன மாமாவை ஆலோசகர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"குறுக்க போகாதீங்க சார். அந்தம்மாவுக்கு மனசு ஆறுது பாருங்க. இதுவும் நாம கொடுக்கிற சேவைதான்."

உள்ளே விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். லைன்மேனின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்தாள்; வராந்தாவில் நடந்ததை மேலாளர் முன்பே அதிகாரியின் காதில் போட்டிருந்தார். பிரதிநிதியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கன்னம் எரிந்தது. அந்த எரிச்சலில், ஒரு வருடமாக அமுங்கிக் கிடந்த ஏதோ ஒன்று மேலே வந்தது.

"ஐயா, அன்னைக்கு நான் காலேஜ்ல இருந்தேன். எனக்கு அப்போ வேலையே இல்லை. அந்த லைன்ல எர்த் ராடு போடல. போட ராடே அங்க இல்லை. தலைமையகத்துலேர்ந்து சப்ளை கொடுத்திருக்காங்க. ஆள் மேல இருக்கார்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. ஏன்னா சொல்றதுக்கு ஸ்டேஷன்ல யாரையும் வைக்கல."

பின்வரிசையில் ஆலோசகர் வேகவேகமாக மதிப்பெண்களைக் கழித்துக்கொண்டிருந்தார்.

"வெளியில இந்தம்மாகிட்ட என்ன சொன்னே?" என்றார் அதிகாரி.

"என் தப்புன்னு சொன்னேன்."

"எது உண்மை?"

மேலாளர் எழுந்தார். "பயத்துல பேசுறார் சார். பாவம், சின்ன வயசு. ஆனா வருஷம் பூரா இந்த மாதிரி விபத்துகளைத் தெளிவா ஒத்துக்கிட்டவர்தான். எல்லாம் வீடியோவா இருக்கு."

அதிகாரி கல்லூரிப் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு இவர் காலேஜ்ல இருந்தாரா?"

"இருக்க முடியாது சார்" என்றார் முதல்வர். "புதுப் பாடத்திட்டப்படி கடைசிப் பருவம் முழுக்கத் தொழில்துறையிலதான் பயிற்சி. அவர் கல்லூரியில இருந்திருந்தா அது பாடத்திட்டத்துக்கு விரோதம். எங்க கல்லூரியில பாடத்திட்டத்துக்கு விரோதமா எதுவும் நடக்கறதில்லை."

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதானே இவரோட துறைத்தலைவர்? அன்னைக்கு சாயங்காலம் இவர் எங்க இருந்தார்?"

அன்று மாலை அவன் துறைத்தலைவியின் அறையில், அவருடைய மேசைக்கு எதிரே, அவர் ஊற்றிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். துறைத்தலைவி எழுந்து நின்றார். அவனைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தரைக்குக் கொண்டுவந்தார், காலணிக்கு அல்ல. கையில் கைக்குட்டை இருந்தது. மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். அத்தோடு சரி. அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

அந்த நிலையைவிட நேர்த்தியாக எந்த மாணவனும் செய்ததில்லை என்று ஆலோசகர் பிற்பாடு சொன்னார்.

"கடைசியா ஒரே ஒரு தடவை கேட்கிறேன்" என்றார் அதிகாரி, பேனாவை மூடியபடி. "பொறுப்பு யாரு?"

கேள்வி வந்தது.

"நான்தான்" என்று யாரோ சொன்னார்கள். தெளிவான குரல். திக்கல் இல்லை. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்ட பிறகுதான் பிரதிநிதிக்குத் தெரிந்தது, சொன்னது தன் வாய் என்று. 'இல்லை' என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்திருந்தான்.

ஒருவர் கைதட்டினார். இடம் பொருள் தெரியாமல் தட்டிவிட்டோம் என்று உணர்ந்து உடனே நிறுத்திக்கொண்டார். முதல்வர்தான்.

மாடிப்படியில் இறங்கும்போதே மேலாளர் அடுத்த ஆண்டுக்கு ஏழு பேர் தேவை என்று சொல்லிவிட்டார். தேவை கூடிக்கொண்டே போகிறது, மழைக்காலம் வேறு வருகிறது என்றார். கல்லூரி வாசலில் பிரதிநிதியின் முகம் ஆளுயரத்தில் தொங்கவிடப்பட்டது. 'படிப்பு முடியுமுன்பே பணி!' என்று அதன்கீழ் எழுதியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

பிரதிநிதியை வைத்திருந்த காவல்நிலையத்துக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு அக்காவும் மாமாவும் வந்தார்கள்.

"நீ அங்க இல்லைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்னேன்க்கா."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் கேட்டாங்க."

மாமா அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாப்ளே, உள்ள இருக்கிறப்போ சம்பளம் உண்டாமா? அதைக் கேட்டு வெச்சுக்கிட்டியா?"

"கேக்கல மாமா. என் தப்புதான்."

"சரி விடு. நான் கேட்டுக்கறேன்" என்றார் மாமா. அவர் மனம் இளகியிருந்தது.

மறுநாள் சிறைக்கு மாற்றினார்கள். சிறைக்காவலர் அவனை ஒரு நீளமான நடை வழியாகக் கூட்டிப்போய் ஒரு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே சுவரோரம் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். புதிதாக ஆள் வருவதைக் கண்டு, போனால் போகிறது என்று காலை மடக்கி இடம் கொடுத்தான். ஒரு பாய் அகலத்துக்கு இடம்.

"என்ன பண்ணிட்டு வந்தே?"

"படிச்சுட்டு வந்தேன்" என்றான் பிரதிநிதி.

கதவு அவனுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. காவலர் பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.